எனக்கு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

அத்தை மகனுக்கு என்னைக் கேலி செய்ய உரிமை உண்டு. எங்கள் பக்கத்தில் அது முறை. பங்காளி கேலி பேசினால் அருவாளைத் தேடுவார்கள். மச்சான் கேலி பேசினால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு திருவிழாவில் அவன் என் புதுச் சட்டையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடியபோது, முதலில் கைதட்டிச் சிரித்தது என் அப்பாதான்.

அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். அப்பாவின் ஒரே தங்கை மகன். மாமா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அத்தை தேனியில் ஒரு நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்த்து அவனையும் அவன் தங்கையையும் வளர்த்தார். அறுப்புக்கு அறுப்பு அப்பா எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையிலிருந்து அரிசி மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் அத்தை வீட்டில் இறக்கிவிட்டு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவார். நான் தேனியில் பாலிடெக்னிக் சேர்ந்தபோது எங்கே தங்குவது என்ற பேச்சே எழவில்லை. வாரம் முழுக்க அத்தை வீடு, சனிக்கிழமை ஊர். மச்சானும் நானும் ஒரே பாயில் படுத்தோம்.

என்னை அந்தக் கேம் கடைக்குக் கூட்டிப்போனவன் அவன்தான். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில் நீளமான அறை. டி.வி.க்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெட்டி, அதிலிருந்து இரண்டு கன்ட்ரோலர்கள். துபாயில் இருந்து திரும்பி வந்த ஒருவர் நடத்தினார். கிரிக்கெட், கார் ரேஸ் எல்லாம் சின்னப் பையன்களுக்கு. எங்களுக்கு ஒரே விளையாட்டுதான்: திரையில் இரண்டு பேர் நின்று அடித்துக்கொள்வது. இருவர் தலைக்கு மேலும் ஒரு கோடு இருக்கும். அடி விழ விழ அது குறையும். அதை நாங்கள் ரத்தம் என்போம். "ரத்தம் இல்லடா, தடுத்து ஆடு" என்று பின்னாலிருந்து கத்துவார்கள். ஒரு சொட்டு ரத்தம்கூட இழக்காமல் ஜெயித்தால் கடையே எழுந்து நின்று கூவும்.

மச்சான் அந்தக் கடையின் ராஜா. ஒல்லியான, காலை வீசி அடிக்கும் ஆளைத்தான் எடுப்பான். எதிரில் இருப்பவன் எப்போது பயப்படுகிறான் என்று அவனுக்குத் தெரியும். அந்த நொடியில் அடிப்பான். நான் ஒரு தடியனை எடுத்து, அவனிடம் ஒரு வருடத்துக்கு மேல் அடி வாங்கினேன்.

கம்பத்திலிருந்து ஒரு கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் வரும். தேனியா கம்பமா என்று போட்டி. அந்தக் காலத்தில் எல்லோரும் கணக்கு வைத்திருந்த ஒரு வலைத்தளத்தில் மச்சான் எங்கள் கடைக்கென்று ஒரு பக்கம் தொடங்கியிருந்தான். யார் யாரை அடித்தார்கள் என்று எழுதுவதற்குத்தான் தொடங்கினான். பிறகு அடித்ததைவிட அடி வாங்கியவனைப் பற்றித்தான் எழுதினார்கள்.

போஸ்டர் பழக்கத்தைக் கொண்டுவந்தவனும் அவனே. படிப்பை முடித்துவிட்டு ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கும் வேலை பார்த்தான். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும்தான் அங்கே முக்கிய வேலை. குத்துவிளக்கு, சிந்தும் பூக்கள், நடுவில் போட்டோ, கீழே 'தோற்றம்', 'மறைவு', எல்லாம் அவன் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை தோற்றவனின் படத்தை அதில் ஒட்டி, மறுநாள் பக்கத்தில் போடுவான். அடுத்த ஞாயிறு வரை பக்கத்தின் முகப்பில் அந்தப் பிணம்தான் இருக்கும். கீழே வந்து எல்லோரும் மாலை போடுவார்கள். "எடுத்தாச்சா?" "பிரியாணி உண்டா?" என்று எழுதுவார்கள். திக்கிப் பேசும் ஒரு பையனுக்கு, எழுத்தையே திக்கித் திக்கி அடித்து ஒரு போஸ்டர் போட்டார்கள். அவன் அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டும் ஒரு போஸ்டர் போட்டார்கள்.

நானும் பலமுறை செத்திருக்கிறேன். சிரித்துக்கொண்டேன். மச்சான்தானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பத்துக்காரர்கள் முன்னால், நான் அவனை அடித்தேன். அது தற்செயலாக வந்த வெற்றி இல்லை. அவன் பயப்படுவது எனக்கும் தெரிந்தது. பயப்படும்போது அவன் கீழே குனிந்து ஒரு காலை வீசுவான், எப்போதும் அதே கால். மூன்று சுற்று எடுத்தால்தான் வெற்றி; மூன்றிலும் அந்தக் காலுக்காகக் காத்திருந்தேன். கம்பத்துக்காரர்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள். எனக்காக அல்ல, அவனைப் பார்த்துக் கத்துவதற்காக.

மறுநாள் பக்கத்தில் அவன் போஸ்டர் வரவேண்டும். வரவில்லை. "ராஜா செத்து ரெண்டு நாளாச்சு, பொணம் நாறுது, எப்ப எடுப்பீக?" என்று ஒரு கம்பத்துக்காரன் எழுதினான். பிறகு அவர்களே கோணல்மாணலாக ஒன்று செய்து போட்டார்கள். மச்சான் அதை அழித்தான். அவர்கள் மறுபடி போட்டார்கள். வீட்டில் அவன் என்னோடு பேசவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனான்.

"ரெண்டு பேரும் என்னத்துக்குடா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக?" என்று அத்தை கேட்டார்.

"ஒண்ணுமில்லத்த" என்றேன்.

புதன்கிழமை பக்கத்தில் என் போஸ்டர் வந்தது. இதுவரை வந்ததெல்லாம் பார்த்ததும் விளையாட்டு என்று தெரியும். இது அப்படி இல்லை. என் பையிலிருந்த அடையாள அட்டைப் படத்தை எடுத்துப் போட்டிருந்தான். மேலே 'மண்ணில் உதிர்ந்த மலர்'. கீழே ஊர்ப்பெயர், அப்பா பெயர், 'அவர்களின் அன்பு மகன் தேனியில் நடந்த விபத்தில் அகால மரணமடைந்தார்' என்று அச்சகத்து மொழியில் சுத்தமாக அடித்திருந்தான். கேலி என்று சொல்ல அதில் ஓர் எழுத்துகூட இல்லை. நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அப்பா பெயரை இரண்டு தடவை படித்தேன். ஆனாலும், "பொணம் ஞாயித்துக்கெழம எந்திரிச்சு வரும். ரெடியா இரு மச்சான்" என்று கீழே எழுதிவிட்டு வந்தேன்.

அவன் அதைத் தாளிலும் அச்சடித்திருந்தான் என்று எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை சாயங்காலம் இன்னொருவனோடு பைக்கில் சின்னமனூர் போய், நான் சனிக்கிழமைகளில் பஸ் மாறும் இடத்தில் ஒட்டியிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஊர் மினி பஸ் கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸைவிட்டு இறங்கி வந்து வயலில் அப்பாவிடம் சொன்னார். அப்பா நாற்றுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா விழுந்துவிட்டாள். ஊர் மளிகைக் கடையிலிருந்து அத்தை வீட்டுக்குப் போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அத்தை மில்லில், அத்தை மகள் பள்ளிக்கூடத்தில், மச்சான் அச்சகத்தில், நான் வகுப்பில். எடுக்க ஆளில்லை என்பதே அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது. எல்லோரும் ஆஸ்பத்திரியில் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்பா சின்னமனூரில் இறங்கிப் போஸ்டரைப் பார்த்தார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். தன் பெயர் வரை படித்திருக்கிறார். தேனி பஸ்ஸில் ஏறி, வீரபாண்டியைத் தாண்டும்போது எழுந்து நின்று கோயில் பக்கம் கும்பிட்டு, பிள்ளை பிழைத்துக் கிடந்தால் அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டியிருக்கிறார். கண்ணீர் அஞ்சலியில் என் படத்தைப் பார்த்த பிறகும் அப்படி வேண்டியிருக்கிறார். அத்தை வீடு பூட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய், பிணவறை வாசலில் நின்று கேட்டிருக்கிறார். அந்தப் பெயரில் யாரும் வரவில்லை என்று சொன்னார்கள். நம்பாமல் வெளியே காத்திருந்திருக்கிறார். பிறகு மறுபடி அத்தை வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டம்மா சொல்லியிருக்கிறார்: "காலேசு விட்டா நேரா அந்த டி.வி. கடைக்குத்தானே போவாக ரெண்டு பேரும்."

நான் விளையாடிக்கொண்டிருந்தேன். மச்சானும் வேலை முடித்து வந்து சுவரோரம் நின்றான். பின்னாலிருந்து ஒரு கை என் தலைமேல் விழுந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று தட்டிவிட்டேன். அந்தக் கை மறுபடி வந்து காதைத் தொட்டது, தோளைத் தொட்டது, சந்தையில் மாட்டைத் தடவிப் பார்ப்பது மாதிரி முதுகைத் தடவியது. திரும்பினேன். அப்பா. காலில் வயல் சேறு காய்ந்திருந்தது. ஒரு செருப்புதான் இருந்தது.

"இருக்கியாடா?" என்றார். பிறகு அறையே அதிரும்படி, "ஏலே, இருக்கியாடா!" என்று கத்தி, அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஓர் ஆண் அப்படி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேட்டி விலகியது. நான் குனிந்து இழுத்துவிட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

அப்பா நிமிர்ந்து மச்சானைப் பார்த்தார். "மாப்ள, நீயாச்சும் இவன்கூட இருக்கியே. எவனோ ஒரு பாவி எம்புள்ள செத்துப்போனான்னு சின்னமனூர்ல ஒட்டி வச்சிருக்கான்யா. அவன் வெளங்குவானா?"

மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு, "வெளங்க மாட்டான் மாமா" என்றான்.

அப்பா அங்கிருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மச்சானுக்கு அவரே கையில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அன்று ஊருக்குப் போய் அம்மாவுக்கு முகத்தைக் காட்டிவிட்டு, திங்கட்கிழமை திரும்பினேன். மச்சானைத் தனியாகப் பிடித்தேன்.

"என்னத்துக்குடா சின்னமனூர்ல ஒட்டுன?"

"நீ எறங்கும்போது பாப்பன்னு ஒட்டுனேன். மாமா பாப்பாருன்னு யாரு கண்டா?"

"அவரு பேரப் போட்டுருக்கியேடா."

"அஞ்சலி போஸ்டர்ல அப்பா பேரு இல்லாம எப்பிடிடா அடிக்கிறது?" என்றான். உண்மையாகவே கேட்டான்.

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அத்தை வீட்டுக்கு அரிசி போகாது என்று தெரியும். ஆனால் அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. அன்று கடையில் ஒருவன் ஆட்டத்தைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். அப்பா என் தலையைத் தொடுவதிலிருந்து வேட்டியை நான் இழுத்துவிடுவது வரை அதில் விழுந்திருந்தது. அது பக்கத்தில் ஏறியது. எடுத்தவன் மச்சான் இல்லை. ஆனால் அழிக்கும் அதிகாரம் அவன் ஒருவனிடம்தான் இருந்தது. தனக்குப் போட்ட போஸ்டரை உடனுக்குடன் அழித்தவன், இதை அழிக்கவில்லை. வேட்டியைப் பிடிங்கப்பா என்று எழுதினார்கள். அய்யாவுக்கு நாடகத்தில் வேஷம் கொடுங்கள் என்று எழுதினார்கள். அது ப்ளூடூத்தில் போன் போனாகத் தாவியது. பிறகு அந்தக் கத்தலை மட்டும் வெட்டி எடுத்து ரிங்டோன் ஆக்கினார்கள். பஸ்ஸில், கல்லூரி வராந்தாவில், முகம் தெரியாத ஒருவன் பாக்கெட்டிலிருந்து என் அப்பா "இருக்கியாடா!" என்று கத்துவார். கடையில் யாருக்காவது ரத்தம் கடைசிச் சொட்டுக்கு வந்தால் எல்லோரும் சேர்ந்து "இருக்கியாடா!" என்று கோஷம் போட்டார்கள்.

நான் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. தினமும் போனேன். ஆள் இல்லாத மத்தியானங்களில், கரண்டு இருக்கும் நேரம் பார்த்துப் போய், மச்சானின் ஒல்லிக்காரன் செய்யும் ஒவ்வொரு அசைவுக்கும் பதில் கண்டுபிடித்தேன். கைவிரலில் தோல் உரிந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பத்துக்காரர்களும் இருக்கும்போது அவனை உட்காரச் சொன்னேன்.

முதல் சுற்றில் ஒரு சொட்டு ரத்தம் இழக்கவில்லை. இரண்டாவதிலும் இழக்கவில்லை. மூன்றாவதில் அவனுக்கு நூல் அளவு ரத்தம் மிச்சமிருக்கையில் என் தடியனைப் பின்னால் நகர்த்தி நிறுத்தினேன். அவன் வந்து அடித்தான், தடுத்தேன். மறுபடி அடித்தான், தடுத்தேன். திருப்பி அடிக்கவே இல்லை. கடை முழுக்க "இருக்கியாடா! இருக்கியாடா!" என்று அவனைப் பார்த்துக் கத்தியது. என் அப்பாவின் குரலைத்தான் கத்தினார்கள், எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

"முடிச்சு விடுறா, பாவம்" என்றார் கடைக்காரர்.

முடிக்கவில்லை. நேரம் ஓடித் தீர்ந்து, ரத்தம் அதிகம் மிச்சமிருந்த என் ஆளே ஜெயித்ததாகத் திரை சொல்லும் வரை அவனை அப்படியே வைத்திருந்தேன். அவன் யார் முகத்தையும் பார்க்காமல் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். எனக்கு அது இனித்தது.

கம்பத்துக்காரர்கள் அவனை விடவில்லை. 'மாமனை அழவைத்த மாவீரன்' என்று போஸ்டர் போட்டார்கள். அச்சகத்துக்குப் போன் செய்து, அவன் பெயரைச் சொல்லி, இறந்துவிட்டான், அஞ்சலி அடிக்க வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார்கள். அச்சகக்காரர் விசாரித்ததில், அங்கே என்ன அடிக்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியவந்தது. மச்சானை வேலையை விட்டு நிறுத்தினார். அவன் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, கடைக்கும் வராமல், வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். நான் அத்தை வீட்டிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, ஊரிலிருந்தே பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தேன். பரீட்சை நேரம் என்று அத்தையிடம் ஏதோ காரணம் சொன்னேன்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வந்தது. அப்பா விரதம் இருந்து, மஞ்சள் வேட்டி கட்டி, அக்கினிச்சட்டி எடுத்தார். நான் வேப்பிலையோடு பக்கத்தில் நடந்தேன். கூட்டத்துக்குள் எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது: "இருக்கியாடா!" இன்னொரு பக்கமிருந்து இன்னொரு குரல். பையன்கள் சிரித்தார்கள். அப்பா சட்டியைக் கீழே விடவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஆனால் நடை தடுமாறியது.

கோயிலில் சட்டியை இறக்கிய பிறகு ஆற்றோரம் உட்கார்ந்து கேட்டார். "அது நான் சொன்னது தானேடா?"

"ஆமாப்பா."

"அந்தப் பயகளுக்கு எப்பிடித் தெரியும்?"

சொன்னேன். வீடியோவைக் காட்டச் சொன்னார். என் கூடப் படித்தவன் ஒருவன் அங்கே இருந்தான், அவன் போனில் அது இருந்தது. எல்லோர் போனிலும் இருந்தது. வெயிலில் திரை தெரியவில்லை. அப்பா துண்டைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு, அந்தச் சின்னத் திரையில் தன்னைப் பார்த்தார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"அங்கன செவத்தோரம் நிக்கிறது மாப்ளயா?"

"ஆமா."

"வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறான். சிரிக்கிறானா?"

"இல்லப்பா. அழுகுறான்."

அப்பா மூன்றாம் தடவையும் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். "சிரிக்கிறான்" என்றார். பிறகு, "போஸ்டர் அடிச்சதும் அவன்தானோ?" என்று கேட்டார். நான் கையிலிருந்த வேப்பிலையை உருவி ஆற்றில் போட்டேன்; அவருக்கு அது போதுமாக இருந்தது.

அந்த அறுப்பில் அரிசி தேனிக்குப் போகவில்லை. அடுத்த அறுப்பிலும் போகவில்லை. மச்சான் திருப்பூருக்கு ஒரு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம். கேம் கடையில் ஆள் குறைந்து, ஒருநாள் அது செல்போன் ரீசார்ஜ் கடையாக மாறியிருந்தது.

சில வருடம் கழித்து அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமன் இல்லாமல் மணவறை ஏற முடியாது. வெற்றிலை, பாக்கு, பூ, பழம் வைத்த தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார். அப்பா உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அண்ணே, புள்ளைக்கு நீதானே மாமன். நீ வந்து நிக்காட்டி சபையில என்ன சொல்லுவாக?"

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "மாமன் செத்துட்டான்னு சொல்லு" என்றார். "ஒம்மகன் நல்லாப் போஸ்டர் அடிப்பான். எம்படத்தப் போட்டு மண்டபத்து வாசல்ல ஒட்டச் சொல்லு. நம்புவாக."

அம்மா உள்ளேயிருந்து, "என்ன பேச்சு பேசுறீக!" என்றாள். அப்பா திரும்பவில்லை. அத்தை அழவில்லை. தட்டைக் கீழே வைக்கக் குனிந்தார், அங்கே வைக்கக்கூடாது என்று தோன்றியதோ என்னவோ, மறுபடி எடுத்துக்கொண்டு நடந்தார்.

நான் பஸ் நிற்கும் இடம் வரை கூடப் போனேன். தட்டை வாங்கக் கையை நீட்டினேன், கொடுக்கவில்லை.

"அந்த டி.வி. டப்பாக்குள்ள நீங்க ரெண்டு பேரும் என்னத்தடா அடிச்சுக்கிட்டீக?" என்று கேட்டார். "அவனக் கேட்டா வெளையாட்டுங்கறான். நீயாச்சும் சொல்லு."

"வெளையாட்டுதான் அத்த."

மினி பஸ் வந்தது. அறுப்பு நேரம், கூட்டம் படிக்கட்டில் தொங்கியது. யாரோ அத்தையின் தட்டை வாங்கிக்கொள்ள, அவர் கம்பியைப் பிடித்து ஏறினார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா அதே இடத்தில் இருந்தார்.

"பஸ் கெடச்சுச்சா?"

"கெடச்சுச்சு."

"உக்கார எடம் இருந்துச்சா?"

"இல்ல. நின்னுக்கிட்டுத்தான் போனாக."

அப்பா மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போனார். கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. எங்களுக்குத் தூரத்துப் பங்காளி ஒருவர் மாமன் இடத்தில் நின்று சடங்கை முடித்துக்கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.